ஒரு புள்ளகூடக் கொட்டாவி விடல

ஜூலை 7, திங்கள்

காலையில மூடுபனி. ஈப்போவுல சிலிபின் பக்கம் மலையே காணோம். என் பள்ளிக்கூட வேன் ரெண்டாவது முயற்சியில கிளம்புச்சு. பின் டயருக்குக் காத்து அடிக்கணும்.

இதெல்லாம் நடக்கும்னு நான் எப்பவோ சொல்லிட்டேன். யாரும் எழுதி வைக்கல, அதான் நானே எழுதி வைக்கிறேன். தங்கச்சி மக யாழினி (இனிமே யா.) நாலாம் படிவத்துல விருப்பப் பாடம் எடுக்கும்போதே சொன்னேன், சுத்திச் சுத்திக் கடைசியில இது மாமன்கிட்டதான் வந்து நிக்கும்னு. வந்து நின்னாச்சு.

அவ பள்ளிக்கூடத்துல இந்த வருசம் புதுப் பாடம் ஒண்ணு. எழுதறது, பேசறது, ஆராய்ச்சி பண்றது, மூணும் சேர்த்து. மத்த புள்ளைங்க எல்லாம் கணக்கியல், வணிகம், கம்ப்யூட்டர்னு ஓடிருச்சு. இதுக்கு வந்தவங்கள என் வேன்ல ஏத்துனாலும் சீட்டு மிச்சம் இருக்கும்.

வேன்ல காதுல விழுந்தது:
– அந்தப் பாடம் எடுத்தா எழுதி எழுதியே கை ஒடிஞ்சிரும்லா.
– ஒடிஞ்சா டாக்டர்கிட்ட எம்சி எடுத்துக்கலாம்.

யா. சன்னல் பக்கம் திரும்பிக்கிட்டா. அவ அப்பன் சேகர், என் மச்சான், பேக்டரியில சூப்பர்வைசர், அவனுக்கு இந்தப் பாடமே பிடிக்கல. “ஆராய்ச்சி படிச்சவனுக்கு எந்தக் கம்பெனி மச்சான் நாற்காலி போட்டு வச்சிருக்கு?” கடைசியில ஒரு பேச்சு முடிவாச்சு. முதல் பெரிய அறிக்கைய ஆசிரியை ஏத்துக்கிட்டா அவ தொடரலாம். தள்ளிட்டா மறுநாளே கணக்கியல். நான்தான் நடுவுல நின்னு பேசி முடிச்சேன். நான் இல்லேன்னா அதுவும் இல்ல.

அறிக்கை என்னன்னா: இப்ப இல்லாமப் போன ஒரு இடம். அங்க நடந்த ஒரு சம்பவம். பாத்தவர் ஒருத்தர் சொல்லணும். இன்னொருத்தர் தன் சொந்த ஞாபகத்துல இருந்து அதை உறுதி பண்ணணும். 25-ஆம் தேதி குடுக்கணும்.

பாத்தவர் யாரு? வேற யாரு. நாந்தான்.

டயர் காத்து – மறந்தாச்சு.


ஜூலை 9, புதன்

வெயில். தங்கச்சி வீட்டு வாசல்ல, கார் நிறுத்தற இடத்துல, பிளாஸ்டிக் நாற்காலி போட்டு ‘பேட்டி’. யா. கைப்பேசிய என் முன்னாடி வச்சா. தொண்டைய செருமிக்கிட்டேன். டிவியில எல்லாம் அப்படித்தான் செய்யறாங்க.

தங்கச்சி மல்லிகா உள்ள வெங்காயம் நறுக்கிக்கிட்டு இருந்தா. ஒரு வார்த்த பேசல. அவ எப்பவும் அப்படித்தான்.

நான் சொன்னது (சுருக்கமா):

இடம் – ஏழாங்கட்டைத் தோட்டம், செமோருக்கு உள்ள. ரப்பர் மரம். வரிசையா லயம் வீடு. இப்ப ஒண்ணும் இல்ல.

சம்பவம் – தோட்டத்துத் திடல்ல படம். மாசம் ஒருக்கா லோரியில மிஷின் வரும். ரெண்டு கம்பு நட்டு வெள்ளைத் துணி கட்டுவாங்க. காலையில வேலைக்குப் பேரு கூப்பிடற பெரட்டுக்கு ஒருநாளும் நேரத்துக்கு வராதவன்கூட படத்துக்கு மொத ஆளா வந்து கோரைப் பாய் விரிப்பான். எடம் கிடைக்காதவன் துணிக்குப் பின்னாடி உக்காருவான். அவனுக்கு எல்லாம் இடது கையில சண்ட போடுவாங்க.

அன்னிக்கு ஒரு அழுகைப் படம். அம்மா ரயிலேறிப் போயிருது, புள்ளைங்க ரெண்டும் ஸ்டேசன்லயே காத்துக்கிட்டு இருக்குதுங்க. அந்த எடத்துல மழை. மிஷின் நின்னு போச்சு. சனம் எந்திரிக்குது. நான், அப்ப பொடியன், எண்ணெய் டின்னு மேல ஏறி நின்னேன். மிச்சக் கதைய நானே சொன்னேன். பாட்டும் நானே, அழுகையும் நானே. மழையில முந்நூறு பேரு உக்காந்து கேட்டாங்க. (கல்யாண வீட்டுல சொல்லும்போது ஐந்நூறு. ஆராய்ச்சின்னா கொஞ்சம் குறைச்சுக்கறது நல்லது.) ஒரு புள்ளகூடக் கொட்டாவி விடல. தோட்டத்துக் கணக்கு எழுதற கிராணி வீட்டு நாய், வெள்ளை, வலது காது மட்டும் கருப்பு, அதுவும் உக்காந்து கேட்டுச்சு.

யா. கேட்டா: “மழையில எப்படி மாமா உக்காந்தாங்க?”
“அந்தக் கால சனம். உங்கள மாதிரி தூறலுக்கு ஓடாது.”

சொல்லி முடிச்சு வேன எடுக்கும்போது தோட்டத்துப் பால்கொட்டா வாசம் மூக்குல ஏறுச்சு. ரப்பர் பாலும் மருந்தும் கலந்த அந்தப் புளிச்ச நாத்தம். சின்ன வயசுல மூக்கப் பொத்திக்கிட்டு ஓடுவோம். இப்ப எந்தக் கடையில விக்குதுன்னு சொன்னா வாங்கிருவேன்.


ஜூலை 12, சனி

ரெண்டாவது சாட்சி தேடி கிளம்பியாச்சு. யா.வுக்கு ஒரு சாட்சி போதும். நான் மூணு பேரு ரெடி பண்ணேன். குறையா குடுத்து எனக்குப் பழக்கம் இல்ல.

சிலிபின் பிளாட்டுல பாப்பம்மா அக்கா. பக்கத்து லயம். பாத்த ஒடனே,
“மணியமா? தல இன்னும் கருப்பா இருக்கு. சாயப் பொட்டலம் எவ்வளவு?”
“பொறப்புலயே இப்படித்தான் அக்கா.”
“உன் பொறப்பு எனக்குத் தெரியாதா, மொட்டையால்ல பொறந்த.”

யா. கேட்டா, அக்கா சொன்னாங்க. மழை, டின்னு, பாட்டு, நாய். “ஒரு புள்ளகூடக் கொட்டாவி விடலம்மா.” எனக்குக் கண்ணு கலங்கிருச்சு. அக்கா வீட்டுக் கோப்பி ரொம்ப இனிப்பு.

அப்புறம் முனியாண்டி அண்ணே. காது சரியா கேக்கல. அவரும் அதையே சொன்னாரு. கடைசியா சரசு, என்கூட ஒரே வகுப்பு, இப்ப நாசி லெமாக் சோத்துக் கடை. இலைய மடிச்சுக்கிட்டே சொன்னா, “கிராணி வீட்டு நாயிகூட கேட்டுச்சுலா.”

திரும்பி வரும்போது வேன்ல யா. மூணையும் ஒண்ணு பின்னால ஒண்ணாப் போட்டுக் கேட்டா. திரும்பத் திரும்பக் கேட்டா. நான் பெட்ரோல் ஊத்தற எடத்துல நிப்பாட்டுனேன், அப்பவும் கேட்டுக்கிட்டு இருந்தா.

“மாமா.”
“ம்.”
“பாப்பம்மா பாட்டிக்கு பேரப்புள்ள பேரே மாறி மாறி வருது. நாய்க்கு எந்தக் காது கருப்புன்னு எப்படி ஞாபகம் இருக்கு?”
“மறக்க முடியாத காது.”

சிரிக்கல. மூணு பேரும் ஒரே வார்த்தையில சொல்றாங்களாம். நல்லதுதானே? ஒரே மாதிரி சொன்னாத்தானே உண்மை?


ஜூலை 14, திங்கள்

புள்ளைங்கள எறக்கிட்டு பள்ளிக்கூட வாசல்ல நின்னேன். யா.வோட ஆசிரியை, மிஸ் லியூ, சின்ன வயசு, பெரிய கண்ணாடி, அவங்களே வந்து பேசுனாங்க. மலாய்ல. என் மலாயக் கேட்டா எல்லாரும் கெடா மாநிலத்து மலாய்க்காரன்னு நெனப்பாங்க, அவ்வளவு சுத்தம்.

“அங்கிள், இந்தக் கதைய இந்த மூணு சாட்சிகிட்டயும் நீங்க சொன்னதுண்டா?”
“சும்மா, அப்பப்ப. கல்யாணத்துல. காதுகுத்துல. பதினாறாம் நாள் காரியத்துல. கூட்டமே கேக்கும், என்ன பண்றது.”
“எத்தனை வருசமா?”
“தோட்டம் மூடுனதுல இருந்து.”

மிஸ் லியூ: “அப்படின்னா இவங்க ஞாபகத்துல இருக்கறது அந்தத் திடல் இல்ல அங்கிள். நீங்க.”

பாராட்டுன்னு நெனச்சு நன்றி சொன்னேன். யா. மூஞ்சியப் பாத்தப்புறம்தான் புரிஞ்சுது. மூணு சாட்சியும் செல்லாது. உங்க கல்யாணக் கூட்டத்துக்கே வராத ஒருத்தர் வேணும், இல்லேன்னா அறிக்கை திரும்பி வரும்னாங்க.

வண்டிய ஓட்டும்போது நெனச்சுப் பாத்தேன். தோட்டம் மூடி சனம் சிதறுன பிறகு நடந்த மொத கல்யாணம். ஈப்போவுல மண்டபம், பீங்கான் தட்டு, ஏசி. லயத்துல ஒரே குழாயடியில சண்ட போட்ட பொம்பளைங்க, பேச ஒண்ணும் இல்லாம உக்காந்திருந்தாங்க. இப்ப எங்க இருக்க, வாடகை எவ்வளவு. அவ்வளவுதான். அப்ப நான் எந்திரிச்சு, “டேய், அன்னிக்குப் படம் நின்னு போச்சே”ன்னேன். மண்டபமே எங்க பக்கம் திரும்புச்சு. அதுக்கப்புறம் எந்த வீட்டு விசேசமானாலும் சாப்பாட்டுக்கு முன்னாடி “மணியம், சொல்லு.”

சேகர் ஃபோன்ல: “மச்சான், கணக்கியல் வாத்தியார்கிட்ட எடம் இருக்கான்னு கேட்டு வச்சிருக்கேன்.”
கேட்டு வை, கேட்டு வை.


ஜூலை 17, வியாழன்

ஆள் கிடைச்சாச்சு. நாந்தான் கண்டுபுடிச்சேன். (யா.தான் “தோட்டத்த விட்டு மொதல்ல போனது யாரு?”ன்னு கேட்டா. பதில் என்னோடது.)

தோட்டத்துக் கடை வச்சிருந்தவரு மகன், காதர். அந்தப் படம் ஓடுன வருசமே கடைய மூடிட்டு குடும்பமா போயிட்டாங்க. நம்ம கல்யாணம் எதுக்கும் வந்ததில்ல. இப்ப தஞ்சோங் மாலிம்ல சாப்பாட்டுக் கடை.

நம்பர் வாங்கிப் பேசுனேன். குரல் அவங்க அத்தா குரல் மாதிரியே இருக்கு. கதையப் பத்தி மூச்சு விடல. யா. பக்கத்துல நின்னு கைய ஆட்டிக்கிட்டே இருந்தா, சொல்லாதீங்க சொல்லாதீங்கன்னு. வாயில கொழுக்கட்ட வச்ச மாதிரி பேசி முடிச்சேன். வாழ்க்கையில மொத தடவ.


ஜூலை 19, சனி

தஞ்சோங் மாலிம். ஹைவேயில மழை, அப்புறம் வெயில். பின் டயர் இன்னும் காத்து கம்மி.

காதர் வயிறு பெருத்து, தாடி வெள்ளையா. கட்டிப் புடிச்சுக்கிட்டான். தே தாரேக், ரொட்டி சானாய், மீன் கறி, கேக்காமலே மேசை நெறஞ்சு போச்சு.

“உனக்கு இன்னும் அந்த வாயி இருக்கா மணியம்?”
“இன்னிக்கு இல்ல. இன்னிக்கு நான் டிரைவர் மட்டும்.”

யா. மொதல்ல கேட்டது ஒண்ணே ஒண்ணு: “தோட்டத்துல படம் பாதியில நின்ன நாள் ஞாபகம் இருக்கா மாமா?”

காதர் ஒடனே சொன்னான், யோசிக்கவே இல்ல. “எப்படி மறக்கும்? அன்னிக்கு எங்கத்தா கச்சான் கடலை வறுத்து தட்டு நெறய கொண்டுபோனாரு, படத்துல விக்கறதுக்கு. எடவேளைக்கு முன்னாடியே மழை. மிஷின் நின்னு போச்சு. சனம் பாயச் சுருட்டிக்கிட்டு ஓடிருச்சு. கொஞ்ச நேரத்துல திடல்ல ஒருத்தர் இல்ல. எங்கத்தா மட்டும் தட்ட வச்சுக்கிட்டு நனஞ்சு நிக்கறாரு. நான் கையப் புடிச்சு ‘வாங்கத்தா’ன்னு இழுக்கறேன், வரமாட்டேங்கறாரு. கடன் வாங்கி வாங்குன கச்சான். அதுக்கப்புறந்தான் கடைய மூடறதுன்னு முடிவு பண்ணாரு.”

யா. மெதுவா, “யாராச்சும் நின்னு கதை சொன்னாங்களா?”
“கதையா? அந்த மழையிலயா?”
“கிராணி வீட்டு நாய்…”
“கிராணிக்கு நாயின்னாலே ஆகாதும்மா. தெருநாயப் பாத்தாக்கூட சைக்கிள விட்டு எறங்கிருவாரு.”

நான் மீன் முள்ள எடுத்துக்கிட்டு இருந்தேன். ரொம்ப முள்ளு உள்ள மீனு.

காதர் காசு வாங்கல. ஒரு பொட்டலம் கச்சான் குடுத்து அனுப்புனான், வறுத்தது. வண்டியில யாரும் பிரிக்கல.

ஈப்போ திரும்பற வழியில நான் ரேடியோ போட்டேன். அவ அமத்துனா.


ஜூலை 20, ஞாயிறு

காலையில தனியா செமோர் போனேன். சும்மாதான். டயருக்குக் காத்து அடிக்க. (செமோர்லதான் நல்லா அடிக்கறாங்க.)

திடல் இருந்த எடம் இப்ப தாமான் குடியிருப்புக் கடை வரிசை. கார் கழுவுற கடை ஒண்ணு. துணி கட்டுன எடம் எதுன்னு குத்துமதிப்பா நின்னு பாத்தேன். கார் கழுவுற பையன் “பாங், கழுவணுமாண்ணே?”ன்னான். வேன கழுவிட்டேன். பளபளன்னு இருக்கு.

லயத்துப் பக்கம் செம்பனைத் தோட்டம். வேலிக்கு அந்தப் பக்கம் ஒரே ஒரு ரப்பர் மரம், தானா மொளச்சது போல. வெட்டாத பட்டை. நகத்தால கீறிப் பாத்தேன், பால் வந்துச்சு. விரல்ல ஒட்டிக்கிட்டது வீட்டுக்கு வர்ற வரைக்கும் உருட்டிக்கிட்டே வந்தேன்.


ஜூலை 22, செவ்வாய்

வெக்கை. இடி மட்டும், மழை இல்ல.

தங்கச்சி வீட்டுல பஞ்சாயத்து. சேகர் சோபாவுல. “நாலு பேரு ஒண்ணு சொல்றாங்க, ஒருத்தர் வேற சொல்றாரு. எது சரின்னு எழுத முடியல. இதுதான் உங்க ஆராய்ச்சி. கணக்கியல்ல ரெண்டு பக்கமும் டாலியாகும். விடு, வெள்ளிக்கிழமைக்குள்ள மாத்திக்கலாம்.”

யா. என் முன்னாடி தரையில வந்து உக்காந்தா. கைப்பேசி இல்ல, பேனா இல்ல.

“மாமா, நான் கோவமா கேக்கல. அன்னிக்கு நீங்க கதை சொன்னீங்களா இல்லையா?”
“சொன்னேன்.”
“காதர் மாமா பொய் சொல்றாரா?”
“அவன் எதுக்குப் பொய் சொல்றான். பாவம், அவங்கத்தா.”
“அப்ப?”

எனக்கு வாய்க்கு ஆயிரம் பதில் வரும். இன்னிக்கு எந்திரிச்சுப் போய் ஃபேன கூட்டி வச்சேன்.

உள்ள இருந்து மல்லிகா. சட்டைக்கு இஸ்திரி போட்டுக்கிட்டே, திரும்பிக்கூடப் பாக்காம: “எனக்குச் சொன்னாரு.”

எல்லாரும் அவ பக்கம் திரும்புனோம்.

“எனக்கு அப்ப அம்மை போட்டிருந்துச்சு. படத்துக்குப் போகல. அம்மா பத்து காஜா டவுன் ஆஸ்பத்திரியில. அப்பா அங்க பாக்கப் போயிட்டாரு. உள்ள தனியாப் படுத்திருந்தேன். அண்ணே நனஞ்சுக்கிட்டு ஓடி வந்தாரு. உள்ள வரக்கூடாதுன்னு பலகச் சுவத்துக்கு அந்தப் பக்கம் நின்னு முழுப் படத்தையும் சொன்னாரு. பாட்டெல்லாம் பாடி.”

சேகர்: “இத்தன வருசம் ஏன்டி சொல்லல?”
“யாரு கேட்டா? மண்டபத்துல இவரு சொல்லும்போது நான் பின்னாடி பாத்திரத்துக்கிட்ட நிப்பேன். மொதல்ல திடல்ல சொல்லிட்டு அப்புறம் எனக்கு வந்து சொன்னாருன்னு நெனச்சுக்கிட்டேன்.”

யா. என்னையே பாத்துக்கிட்டு இருந்தா. “மாமா. கேட்டவங்க எத்தன பேரு?”

முந்நூறு. ஐந்நூறு. நாய் ஒண்ணு.

“ஒரு ஆளு”ன்னேன்.

அவ சிரிச்சா. ஒரு வாரமா சிரிக்காத பொண்ணு. எந்திரிச்சுப் போய் அறையில எழுத உக்காந்துட்டா. கதவத் தொறந்து ஒரு தடவ மட்டும் கேட்டா, “படம்தான் நின்னு போச்சே, மிச்சக் கதை உங்களுக்கு எப்படித் தெரியும்?”
“மிஷின் லோரி கெளம்பும்போது பின்னாலயே ஓடி படம் போட்ட ஆள்கிட்ட கேட்டேன்.”
“என்ன சொன்னாரு?”
“அம்மா ரயில்ல திரும்பி வந்துரும்னு.”
எழுதிக்கிட்டா.

மல்லிகா இஸ்திரிப் பெட்டிய அமத்திட்டு, “ஆமா, அப்படித்தான் சொன்னாரு. அத நெனச்சுக்கிட்டேதான் தூங்குனேன். நம்ம அம்மாவும் வந்துட்டாங்க, மெலிஞ்சு போயி”ன்னா. அப்புறம் எனக்கு ரெண்டு தோசை கூட வச்சா.


ஜூலை 25, வெள்ளி

அறிக்கை குடுத்தாச்சு. குடுத்தா மட்டும் பத்தாது, வகுப்புல பேசணும். பேசறதும் அந்தப் பாடத்துல ஒரு பங்கு. மிஸ் லியூ என்னையும் வரச் சொன்னாங்க. இஸ்திரி போட்ட சட்டை, பின் வரிசை. நாற்காலி ரொம்பச் சின்னது.

யா. இங்கிலீஷ்ல பேசுனா. எனக்குப் புரிஞ்சது (முக்காவாசி புரிஞ்சுது): இது ஒரு தோட்டத்தோட கதை. நடக்காத ஒரு சம்பவத்தப் பாத்ததா ஒரு ஊரே சொல்லுது. பொய் சொல்லல, நிஜமாவே ஞாபகம் இருக்கு. ஏன்னா திடல் போனதுக்கப்புறம் அவங்க எல்லாரும் ஒண்ணா உக்காந்த எடம் அந்தக் கதை மட்டுந்தான். நடந்தது என்னன்னா, ஒருத்தரு தட்டோட நனஞ்சாரு, ஒரு பையன் சுவத்துக்கு வெளிய நின்னு ஒரு பொண்ணுக்குக் கதை சொன்னான். ரெண்டுக்கும் தனித்தனி சாட்சி இருக்கு.

ஒரு பையன் கைய தூக்கி, “அப்ப உங்க மாமா பொய்யரா?”
யா.: “ஆமா. அதான் நான் சரிபாக்கக் கத்துக்கிட்டேன்.”
வகுப்பே என்னைத் திரும்பிப் பாத்துச்சு. கைய ஆட்டுனேன். அமைச்சருக்குக்கூட அப்படி ஒரு பார்வை கிடைக்காது.

இங்கிலீஷ்ல ‘மாமா’ன்னு வரும்போதெல்லாம் தமிழ்லயே ‘மாமா’ன்னுதான் சொன்னா.


ஜூலை 31, வியாழன்

மழை. வேன் துடைப்பான் ஒரு பக்கம் வேல செய்யல.

ஏத்துக்கிட்டாங்க. மிஸ் லியூ ஓரத்துல சிவப்பு மையில நெறய எழுதியிருக்காங்க. சேகர் அத ரெண்டு தடவ படிச்சான். கணக்கியல் பேச்சே எடுக்கல. “அந்தக் கச்சான் தட்டு எடம் நல்லாருக்கு,”ன்னு மட்டும் சொன்னான். பாப்பம்மா அக்காவுக்கு ஃபோன் போட்டு நடந்தத யா. சொன்னாளாம். அக்கா, “அது கெடக்கு, நாய் வந்துச்சு, நான் பாத்தேன்,”ன்னு வச்சிட்டாங்களாம்.

நல்லாத்தான் போயிக்கிட்டு இருந்துச்சு. சாயங்காலம் வேன்ல யா. சொல்றா, அடுத்த வேல எழுத்து மூலம் தேடறதாம். பழைய ஆவணம், பத்திரிகை, அந்த மாதிரி. “அந்தப் படத்தத் தேடிக் கண்டுபுடிக்கப் போறேன் மாமா. இன்டர்நெட்ல எங்கயாச்சும் இருக்கும். அம்மாவுக்குப் போட்டுக் காட்டணும். இன்னும் பாத்ததே இல்லையாம். படம் பேரு என்ன?”

மறந்து போச்சும்மா, வயசாச்சுல்லன்னேன்.

மறக்கல. ஒரு தடவ அது டிவியிலயே வந்துச்சு. மல்லிகா கல்யாணமான புதுசு. அவ தலகாணிய மடியில வச்சுக்கிட்டு பாக்க உக்காந்துட்டா. நான் வெளிய போயி மெயின் சுவிட்ச அமத்திட்டு, கரண்டு போச்சு போலன்னு சொல்லிட்டு, படம் முடியற வரைக்கும் வாசல்லயே நின்னேன்.

லோரிக்குப் பின்னால ஓடுனது உண்மை. அந்த ஆளு சன்னல எறக்குனதும் உண்மை. அவரு சொன்னது அது இல்ல. ரயில் வரும், அந்த அம்மா அதுல இருக்காது, அவ்வளவுதான் படம், போடா நனையாதேன்னாரு. அம்மா வந்துருச்சுங்கறது, ஸ்டேசன்ல இருந்து லயம் வரைக்கும் நடந்தே வந்துருச்சுங்கறது, எல்லாம் உள்ள தனியாப் படுத்திருந்த மல்லிகாவுக்காக நான் கட்டுனது.